எதற்குச் ‘சரி’ சொன்னீர்கள்?

மூன்று வருஷத்துக்கு முன்னால், தை மாதக் கடைசி. சம்பா அறுவடை முடிந்து, குடமுருட்டிப் பாசனத்தில் எனக்கு இருக்கும் ஆறு மா (இரண்டு ஏக்கர்) நிலத்தில் வைக்கோல் வரிவரியாகக் கிடந்தது. வைக்கோல் கட்டும் மிஷின் வைத்திருக்கும் ஒரு தம்பி சாயங்காலம் போன் செய்தார்.

“அண்ணே, ஏக்கருக்கு ஆயிரத்து ஐந்நூறு தர்றேன். நாளைக்குக் காலையில வண்டி வந்துடும். சரியா?”

“ரெண்டாயிரம்னா சரி தம்பி.”

“பார்க்கிறேண்ணே” என்று வைத்துவிட்டார். ராத்திரி வானம் மூடிக்கொண்டு வந்தது. விடிந்ததும் நானே கூப்பிட்டு, “சரிப்பா, நீ சொன்ன ஆயிரத்து ஐந்நூறுக்கே எடுத்துக்க” என்றேன். அவர் வண்டி அதற்குள் அம்மாப்பேட்டைப் பக்கம் போய்விட்டிருந்தது. “நீங்கதான் அந்த விலைக்கு வேணாம்னுட்டீங்களேண்ணே” என்றார். மத்தியானம் மழை பிடித்தது. இரண்டு ஏக்கர் வைக்கோலும் கறுத்து, மாட்டுக்கும் ஆகாமல் வரப்போரம் மட்கிப்போனது.

அந்தத் தம்பிமேல் குற்றம் சொல்ல முடியாது. சட்டம் முழுக்க அவர் பக்கம். என் வீட்டுக்காரி கேட்டதுதான் உறைத்தது: “முப்பத்தோரு வருஷம் கோர்ட்டுக்குப் போய் வந்தீங்களே, எதுக்கு?”

கும்பகோணத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் 31 வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். பிராதும் எதிர்வழக்குரையும் டைப் அடித்தே விரல் நுனி தேய்ந்தது. நான் வைக்கோலில் செய்த அதே தப்பை இங்கிலாந்தில் ஒருவர் 1840இல் ஒரு பண்ணைக்காகச் செய்திருக்கிறார். விற்பவர் 1,000 பவுண்டு என்றார். இவர் 950 என்றார். விற்பவர் மறுத்ததும், “சரி, ஆயிரத்துக்கே வாங்கிக்கொள்கிறேன்” என்றார். முடியாது என்றது நீதிமன்றம். 950 என்று கேட்ட நொடியிலேயே 1,000 என்ற பேச்சு செத்துவிட்டது. இனி அதை எழுப்ப விற்பவருக்குத்தான் உரிமை. இந்த வழக்கின் பெயரை எத்தனை நோட்டீசில் அடித்திருப்பேன்! சொந்த வயலில் நிற்கும்போது நினைவுக்கு வரவில்லை.

ஆபீசுக்கு வந்த வழக்குகளில் “நான் வாக்கே கொடுக்கவில்லை” என்று சாதித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். “சரி என்றேன், ஆனால் அதற்கில்லை” என்றவர்கள்தான் வாய்தா வாய்தாவாக நின்றார்கள். அதனால் விலை பேசப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இது: பேச்சு எந்த இடத்தில் பேரமாக இருப்பது நின்று ஒப்பந்தமாக மாறியது என்று விரலை வைத்துக் காட்டத் தெரிய வேண்டும். அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் சொல்வது முன்மொழிவா, வெறும் விசாரிப்பா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒன்றைச் செய்யவோ செய்யாமலிருக்கவோ தயார் என்று, எதிராளியின் சம்மதத்தை வேண்டி, அவருக்குத் தெரிவிப்பதுதான் முன்மொழிவு. அவர் சம்மதித்தால் அது ஏற்பு. ‘உளுந்து என்ன விலை போகுது?’ என்பது விசாரிப்பு. ‘எழுபத்தஞ்சுக்குக் குறைஞ்சு தர மாட்டேன்’ என்பதும் அநேகமாக விசாரிப்பு வகையறாதான். இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் 1951இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மடிக்கேரியில் ஒரு பங்களா. வாங்க விரும்பியவர் தரப்பில் விலை கேட்டுக் கேட்டு ஏற்றினார்கள். வெளிநாட்டில் இருந்த பங்களாவின் சொந்தக்காரர், ‘பத்தாயிரத்துக்குக் குறைந்து ஏற்க மாட்டேன்’ என்று தந்தி கொடுத்தார். இவர்கள் பத்தாயிரம் தரச் சம்மதம் என்றார்கள். பங்களா அதற்கு மேல் விலை சொன்ன இன்னொருவருக்குப் போய்விட்டது. வழக்கு நிற்கவில்லை. குறைந்து தர மாட்டேன் என்பது ‘கேட்டுப் பார்’ என்ற அழைப்பு. அதற்குப் பதிலாகப் பத்தாயிரம் என்றதுதான் முன்மொழிவு. அதைச் சொந்தக்காரர் ஏற்கவே இல்லை.

ஆகவே விற்பவரின் வாயிலிருந்து ‘குறைக்க மாட்டேன்’ வந்தால் அதோடு எழுந்து போய்விடாதீர்கள். ‘அப்போ எழுபத்தஞ்சுக்கு நான் எடுத்துக்கறேன், நீங்க தர்றீங்களா?’ என்று நேராகக் கேட்டு, அவர் ‘தர்றேன்’ என்று சொல்வதைக் காதால் கேளுங்கள்.

ஏலத்திலும் இதே கதைதான். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்தியைக் குவித்து வைத்தால், வியாபாரி சீட்டில் எழுதிப் போடும் விலைதான் முன்மொழிவு. கட்டுபடியாகாது என்று மறுக்க விவசாயிக்கு இடம் உண்டு. தேங்காய், புளி என்று ஊரில் நடக்கும் வாய் ஏலத்தில் ‘ஒருதரம், ரெண்டுதரம்’ வரைக்கும் கேட்டவர் பின்வாங்கலாம். ‘மூணுதரம்’ என்ற சொல் விழுந்ததும் கதவு சாத்தப்படுகிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 64ஆம் பிரிவில், சுத்தியல் விழும்போது விற்பனை முடிகிறது என்கிறது. சுத்தியல் இல்லாத ஊரில் நமக்கு மூன்றாம் தரம். கேட்கும் முன்னால் ஏல நிபந்தனையில் முன்பணத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, முன்மொழிவு வந்துவிட்டது. ஏற்பது எப்படி? முழுதாக, ஒட்டுப்போடாமல். ஒப்பந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவு கேட்பது இதைத்தான். ‘சரி, ஆனா…’ என்று ஆரம்பித்தாலே ஆபத்து. ‘சரி, ஆனா சாக்கு உங்களது’, ‘சரி, ஆனா பணம் அடுத்த வாரம்’ எல்லாம் ஏற்பாகாது. பந்தைத் திருப்பி அவர் பக்கம் உருட்டுவது. இப்போது முன்மொழிபவர் நீங்கள், ஏற்க வேண்டியவர் அவர். அதில் தப்பில்லை, பேரம் அப்படித்தான் நடக்கும். ஆனால் பேசி முடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் தப்பு. சந்தேகம் கேட்பது வேறு: ‘எடைக்கூலி யாருது?’ என்று கேட்டால் பழைய முன்மொழிவு அப்படியே உயிரோடு இருக்கும். நானும் அன்று, ‘கொஞ்சம் ஏத்திக் குடுக்க முடியுமா தம்பி?’ என்று கேட்டிருந்தால் வாதாடவாவது இடம் இருந்திருக்கும். ‘ரெண்டாயிரம்னா சரி’ என்றதுதான் கெடுத்தது.

மௌனம் சம்மதம் என்பார்கள். அந்தப் பழமொழி கல்யாணப் பெண்ணுக்குச் சொன்னது, உளுந்து வியாபாரத்துக்குச் சொன்னதில்லை. (பெண்ணுக்கும் பொருந்தாது என்பது என் மகளின் அபிப்பிராயம்.) 1862இல் தீர்ப்பான ஒரு வழக்கு. ஓர் ஆங்கிலேயர் தம் உறவுக்காரப் பையனுக்கு எழுதினார்: ‘உன்னிடமிருந்து மேற்கொண்டு சேதி வராவிட்டால் குதிரை என்னுடையது, 30 பவுண்டு 15 ஷில்லிங்குக்கு.’ பையன் மனசுக்குள் சம்மதித்தான், பதில் எழுதவில்லை. பையனின் பொருள்களை ஏலம் விட்டவர் தவறுதலாகக் குதிரையையும் விற்றுவிட்டார். குதிரை உங்களுடையதாக ஆகவே இல்லை என்றது தீர்ப்பு. வாட்ஸப்பில் ‘இன்று இரவுக்குள் பதில் இல்லை என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்’ என்று போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உங்களுக்கு அப்படி வந்தால் தூக்கம் கெட வேண்டாம். நீங்கள் அனுப்பினால், அதை நம்பி லாரி பேசாதீர்கள்.

வாயால் சொல்லாமலே ஏற்கும் வழி ஒன்று உண்டு. நம் பக்கத்தில் அதற்குப் பெயர் அச்சாரம்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு நாயனம் பேசப் போகிறவர்கள் வெறுங்கையோடு போக மாட்டார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், அதன்மேல் அச்சாரப் பணம். நாயனக்காரர் தட்டைத் தொட்டு வாங்கிக்கொண்டால் முடிந்தது. அந்த முகூர்த்தம் அவர் வேறு வாசலில் வாசிக்கக் கூடாது. கையெழுத்து இல்லை, சாட்சி இல்லை என்று படித்த பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, முன்மொழிவோடு நீட்டப்படும் மறுபயனை வாங்கிக்கொள்வதே ஏற்பு என்கிறது. மறுபயன் என்றால், ஒருவர் தரும் வாக்குக்கு ஈடாக மற்றவர் தருவது. தட்டில் இருக்கும் பணம் அதுதான். வெற்றிலை சட்டத்துக்குத் தேவையில்லை, மரியாதைக்குத் தேவை.

எங்கள் ஆபீசுக்கு அப்படி ஒரு கேஸ் வந்தது. வைகாசியில் கல்யாணம். 5,001 ரூபாய் அச்சாரம் வாங்கிய குழு, பெரிய இடத்துக் கல்யாணம் வந்ததும் அங்கே போய்விட்டது. பெண் வீட்டார் கடைசி நேரத்தில் ஓடி, இரட்டிப்பு விலையில் வேறு மேளம் பிடித்தார்கள். நோட்டீஸ் போனதும் பதில் வந்தது: ‘பணம் வாங்கினது வாஸ்தவம். தேதி எதுவும் சொல்லவில்லை. பொதுவாகக் கொடுத்து வைத்தார்கள்.’ தேதி நிச்சயமில்லாத பேச்சு செல்லாது என்பது அவர்கள் வாதம்; 29ஆம் பிரிவை நன்றாகப் பிடித்திருந்தார்கள். எங்கள் சீனியர் பெண்ணின் அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தட்டுல பத்திரிகை வச்சீங்களாம்மா?” வைத்திருந்தார்கள். மஞ்சள் தடவிய முதல் பத்திரிகைகளில் ஒன்று, தேதி, மண்டபம், முகூர்த்த நேரம் எல்லாம் அச்சில். கூடப் போன தாய்மாமா அதைச் சொல்லத் தயாராக இருந்தார். கேஸ் தீர்ப்பு வரை போகவில்லை. அச்சாரத்தையும், மாற்று மேளத்துக்குக் கூடுதலாக ஆன செலவையும் கொடுத்துச் சமாதானமாக முடித்துக்கொண்டார்கள். மீறுதலால் இயல்பாக வந்த நஷ்டத்துக்கு ஈடு என்பது 73ஆம் பிரிவு. மனசு வலித்ததற்குக் கேட்டுப் பார்த்தார்கள், அது நடக்கவில்லை.

அச்சாரம் கொடுக்கும்போது எதற்கு, எந்தத் தேதிக்கு, மொத்தம் எவ்வளவு என்ற மூன்றும் அதனோடு ஒட்டிக்கொண்டு போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பத்திரிகை முடியாவிட்டால் கவர் மேலேயே எழுதுங்கள். ஜிபே என்றால் குறிப்புப் பகுதியில் எழுதுங்கள். வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: யோசிக்க வேண்டும் என்றால் தட்டைத் தொடாதீர்கள். வாங்கி வைத்துவிட்டு யோசிக்க முடியாது.

நிச்சயம் என்று சொன்னேன். நம் மாவட்டங்களில் பாதிச் சண்டை அளவில் வருகிறது. தனியார் வியாபாரிக்கு நெல் மூட்டை என்றால் 60 கிலோ, 62 கிலோ. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சிப்பம் 40 கிலோ. ‘மூட்டை ஆயிரத்து நானூறு’ என்று பேசி முடித்து, எது மூட்டை என்று பேசாமல் விட்டால், இருவரும் சரி சொன்னது இரண்டு வேறு பொருளுக்கு. விலை நிச்சயத்துக்கு அந்த 29ஆம் பிரிவே உதாரணம் தருகிறது. ஆயிரம் மணங்கு அரிசி, இன்னார் குறிக்கும் விலைக்கு என்றால் செல்லும், ஏனென்றால் விலையைப் பிற்பாடு நிச்சயமாக்க வழி இருக்கிறது. என் வெள்ளைக் குதிரை, ஐந்நூறு அல்லது ஆயிரம் ரூபாய்க்கு என்றால் செல்லாது. ‘அன்னிக்கு மார்க்கெட் ரேட்’ என்று பேசுவதானால் எந்த ஊர், எந்த நாள், யார் சொல்லும் ரேட் என்பதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

அடுத்தது நேரம். முன்மொழிந்தவர், எதிராளியின் ஏற்பு தம்மைக் கட்டும்வரை எப்போது வேண்டுமானாலும் வாபஸ் வாங்கலாம். ‘ரெண்டு நாள் டைம் தர்றேன், யோசிச்சுச் சொல்லுங்க’ என்று சொல்லியிருந்தாலும் மறுநாளே வேறு ஆளுக்கு விற்பதாக உங்களுக்குத் தெரிவித்துவிட்டு விற்கலாம். இது அநியாயம் என்று பலபேர் என்னிடம் கோபப்பட்டிருக்கிறார்கள். அவர் கொடுத்த அந்த இரண்டு நாளுக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள்? ஒன்றுமில்லை. மறுபயன் இல்லாத வாக்கு அது. நிஜமாகவே இரண்டு நாள் வேண்டுமென்றால் ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்து, ‘இது வியாழக்கிழமை வரை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதற்கு’ என்று சொல்லிக் கொடுங்கள். அப்போது அந்த இரண்டு நாளே ஓர் ஒப்பந்தம்.

தபாலுக்கு ஒரு விசித்திரமான விதி. ஏற்புக் கடிதத்தைப் பெட்டியில் போட்டவுடன் முன்மொழிந்தவர் கட்டுப்படுகிறார். போட்டவரோ, கடிதம் போய்ச் சேரும்வரை கட்டுப்படுவதில்லை, அதற்குள் முந்திக்கொண்டு வாபஸ் வாங்கலாம். போனில் இது கிடையாது. அகமதாபாத்துக்கும் மகாராஷ்டிரத்தின் காம்காவுக்கும் இடையே பருத்திக்கொட்டைப் புண்ணாக்குக்காக நடந்த ஒரு டெலிபோன் பேச்சு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஏற்புச் சொல் முன்மொழிந்தவர் காதில் விழுந்த இடத்தில்தான் ஒப்பந்தம் உண்டாகிறது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு. எந்த ஊர்க் கோர்ட்டில் வழக்குப் போடுவது என்ற கேள்விக்காக வந்த சண்டை அது. நமக்கு அதிலிருந்து ஒரு வேலை: வயலில் சிக்னல் விட்டு விட்டு வரும். ‘சரி’ என்று சொன்னதும் லைன் போனால், கேட்டிருப்பார் என்று விடாதீர்கள். திரும்பக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

வாட்ஸப் செல்லுமா என்று கேட்கிறார்கள். மின்னணு வழியில் பேசி முடித்தது என்பதாலேயே ஒப்பந்தம் செல்லாமல் போகாது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 10அ பிரிவாகச் சேர்த்திருக்கிறார்கள். நான் இப்போது அனுப்பும் செய்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“ஐயா, ஆடுதுறை 3 உளுந்து, 10 மூட்டை, மூட்டை 100 கிலோ. காயவைத்துத் தூற்றியது. கிலோ 75 ரூபாய். என் வீட்டு வாசலில் எடை, எடை போட்ட அன்றே முழுப்பணம். சாக்கும் வண்டியும் உங்களுடையது. இந்த விலை புதன் மாலை 6 மணி வரை. சம்மதம் என்றால் இதே எண்ணுக்கு எழுத்தில் பதில் போடவும்.”

புதன் ஆறு மணி தாண்டினால் முன்மொழிவு தானாகவே காலாவதி. நாள் போடாவிட்டால் ‘நியாயமான காலம்’ என்று ஆகி, அது எத்தனை நாள் என்று இன்னொரு சண்டை வரும். எழுத்தில் பதில் கேட்டிருக்கும்போது அவர் போனில் ‘சரிங்க’ என்று மட்டும் சொன்னால், சும்மா இருந்துவிடாதீர்கள். நீங்கள் சொன்ன முறையில்தான் ஏற்க வேண்டும் என்று தாமதிக்காமல் வற்புறுத்த வேண்டும். இல்லாவிட்டால் வந்த ஏற்பை அப்படியே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். வாட்ஸப் செய்தி கொஞ்ச நாளில் தானாக அழியும்படி செட்டிங் வைத்திருந்தால் அந்த ஆளோடு மட்டுமாவது எடுத்துவிடுங்கள். வழக்கு என்று வந்தால் ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் கேட்பார்கள். அசல் போனைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இவ்வளவும் சரக்குக்கும் கூலிக்கும். நிலம், வீடு விற்கும் ஒப்பந்தம் என்றால் தமிழ்நாட்டில் அதைப் பதிவு செய்ய வேண்டும். வாட்ஸப்பில் சரி சொல்லிவிட்டு நிற்காதீர்கள், சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். 18 வயது நிரம்பாத பிள்ளை போனை எடுத்து ‘அப்பா சரின்னுட்டாரு’ என்றால் அப்பாவிடமே பேசுங்கள். பிள்ளை தானே பேசி முடித்த ஒப்பந்தம் செல்லாது என்று 1903லேயே பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. ஏமாற்றும் கட்டாயமும் கலந்த சம்மதம், சட்டவிரோதமான காரியம் இதெல்லாம் நிற்காது என்பது உங்களுக்கே தெரியும்.

போன தையில் அதே மிஷின்காரத் தம்பிக்கு நானே முந்திக்கொண்டு செய்தி போட்டேன்: ஆறு மா வைக்கோல், ஏக்கர் 1,600, புதன்கிழமை காலை வண்டி, கட்டு ஏற்றும் முன் பணம், இன்று இரவு 8 மணிக்குள் எழுத்தில் பதில். ஏழரைக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அது எதற்கு, பார்த்தேன் என்பதற்கா, சம்மதத்துக்கா? கூப்பிட்டேன்.

“அண்ணே, விலை ஓகே. புதன் முடியாது, வியாழன்தான் வண்டி வரும்.”

“அதையே எழுதிப் போடு தம்பி.”

‘ஏக்கர் 1600 சரி. வண்டி வியாழன் காலை’ என்று வந்தது. வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “அதான் சரின்னுட்டாருல்ல, போனை வைங்க” என்றாள். அவர் இன்னும் சரி சொல்லவில்லை; நாளை மாற்றி என்னைக் கேட்டிருக்கிறார். வானத்தைப் பார்த்தேன், மேகம் இல்லை. ‘வியாழன் சம்மதம்’ என்று அடித்து அனுப்பிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன்.